அடியில் இருந்த வாய்

இடது கை கல்லின் ஒரு துண்டைப் பிடித்திருந்தது. வலது கை மற்றத் துண்டை மெல்ல நெருக்கியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு செப்புக் கம்பி. பொருத்தில் பிதுங்கிய பசையைத் துடைத்தபின், செபமாலையில் பத்து மணி சொல்லி முடிக்கும் நேரம்வரை அந்தக் கைகள் அசையவில்லை.

ஞானமலருக்கு இந்த வேலையை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கணவர் இக்னேசியஸ் கோயில்களின் மாதா, அந்தோனியார் சிலைகளான சுருவங்களைப் பழுதுபார்க்கும்போது பக்கத்திலிருந்து பார்த்ததுதான். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளில், திருநாளுக்குக் கொடுக்கவேண்டிய அந்தோனியாருக்குப் பூசிய நிறம் காயட்டும் என்று லிங்கநகர் வீட்டில் தாமதித்துவிட்டாள். போனபோது கட்டிலில் வெள்ளைச் சீலையைத் தலைவரை இழுத்து மூடியிருந்தார்கள். அது அறுபத்துநாலாம் ஆண்டில். மூன்று வருடங்களாகச் சுருவங்கள் அவளிடம்தான் வந்தன.

இந்தக் கல்லைக் கொண்டுவந்தவன் கப்பலுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றும் கிண்ணியா ஊர் முத்தலிப்.

"அக்கா, இதைச் சாமி எண்டு சொல்லிப்போடாதீங்கோ. உடைஞ்ச கல்லு எண்டு சொல்லுங்கோ. எங்கட பள்ளிவாசல் ஆக்கள் கேட்டா என்னை இருத்திவச்சுக் கதைப்பாங்க."

"கல்லை ஆர் சட்டையில சுத்திக் கொண்டுவாறது? விசயத்தைச் சொல்லும் தம்பி."

கல்லுக்கு உரியவன் றபேல். சாந்தோ தொமிங்கோ தீவிலிருந்து வந்த கப்பற்காரன். காய்ச்சலோடு இறக்கி ஆஸ்பத்திரியில் விட்டிருந்தார்கள். அந்தத் தீவில் முன்னொரு காலம் வாழ்ந்த தைனோ சனங்கள் செதுக்கிய கல் அது. ஒரு முனையில் முகம், மறுமுனையில் மடித்த கால், நடுவில் மலைபோல ஒரு கூர். தோட்டம் கொத்தும்போது றபேலின் தாய்க்குக் கிடைத்தது. அரைகுறைக் கப்பல் இங்கிலீசில் அவன் முத்தலிப்பிடம் சொன்னது இவ்வளவும்.

"யூக்காகூ எண்டு பேராம். மரவள்ளிக்கும் கடலுக்கும் அதுதான் பொறுப்பாம். அதுக்குத் தாய் இருக்காம், தகப்பன் இல்லையாம்," என்றான் முத்தலிப். "ஒவ்வொரு நடுகைக்கும் றபேல்ட தாய் இதை மரவள்ளி மேட்டுக்குள்ள தாட்டு வைக்கிறவவாம். இவன் களவா எடுத்துவந்திட்டான், எங்கயாவது விக்கலாம் எண்டு. கடல் கொந்தளிச்சு, தட்டில இருந்து விழுந்து உடைஞ்சுபோச்சு."

"வேதக்காரனோ?"

"கழுத்தில செபமாலை கிடக்கு."

"பிறகேன் இது?"

"அதை நீங்கள் அவனைக் கேளுங்கோ." முத்தலிப் குரலைத் தாழ்த்தினான். "தான் இனி ஊருக்குப் போகமாட்டன் எண்டு அவனுக்குத் தெரியும். கப்பல் வெள்ளிக்கிழமை போகுது. கல்லாவது முழுசாத் தாயிட்டப் போகட்டுமாம். அனுப்ப முந்தி ஒருக்காக் கையில வாங்கிப் பாக்கவேணுமாம்."

கல்லின் அடியில் நீள்வட்டமாக ஒரு பள்ளம் இருந்தது. சுருவங்களின் அடிக்குழியில் குளவி மண்கூடு கட்டும். கூடு ஈரத்தை இழுத்துவைக்க, சுருவம் உள்ளிருந்தே உதிரும். அடியை மூடாமல் இக்னேசியஸ் ஒன்றையும் வெளியே விட்டதில்லை. ஞானமலரும் புதன்கிழமை அந்தப் பள்ளத்தை வெள்ளைச் சீமெந்தால் நிரப்பி, விரலால் மட்டமாக வழித்துவிட்டாள். அன்று மாலை வந்து பார்த்த முத்தலிப், நல்ல வடிவு என்று சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்தநாள் மத்தியானம் வந்தவன், கேட்காமலே கதிரையில் இருந்தான்.

"பிழைச்சுப்போச்சு அக்கா. வாயை மூடிப்போட்டமாம்."

"என்ன வாய்?"

"அடியில இருந்த பள்ளம்தான் வாயாம். மேட்டுக்குள்ள இருந்து மண்ணைத் தின்னுமாம். தின்ற இடத்திலதான் கிழங்கு இறங்குமாம். நீங்கள் அடியை வடிவா மூடியிருக்கிறியள் எண்டு நான் பெருமையாச் சொல்லப்போக, அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டான்."

ஞானமலர் கல்லைக் கவிழ்த்துப் பார்த்தாள். "இப்ப எப்பிடி இருக்கிறார்?"

"மூச்சு இழுக்குது. இருக்கிறமாதிரியே தாங்கோ. கண்ணும் மங்கிப்போச்சு, அவனுக்கு என்ன தெரியப்போகுது?"

"தாய்க்குத் தெரியும்," என்றாள்.

உளியால் தட்டினால் பொருத்து விட்டுப்போகும். சுரண்டத்தான் வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர், நாலு இழுப்பு, ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள். இடையில் இரண்டுமுறை கல்லை வைத்துவிட்டு எழுந்தாள், இப்படியே கொண்டுபோய்விடலாமா என்று. இரண்டுமுறையும் திரும்ப இருந்தாள். முத்தலிப் தூளை ஊதிவிட்டுக்கொண்டிருந்தான். வெயில் முற்றத்தைக் கடந்து வேலிக்குப் போனபிறகுதான் பழைய கல்லின் சொரசொரப்பு நகத்தில் பட்டது. ஓரத்துச் சுருக்கத்தில் பழைய மண் கறுப்பாக ஒட்டியிருந்தது. அதை அவள் தொடவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தார்கள். விறாந்தையிலிருந்தே கட்டில் தெரிந்தது. வெள்ளைச் சீலை இழுத்து மூடியிருந்தது. ஞானமலரின் கால் நின்றுவிட்டது.

"நெஞ்சுவரைதான் மூடியிருக்கு அக்கா," என்றான் முத்தலிப். "வாங்கோ."

றபேலின் கண்கள் மூடியிருந்தன. அவனுடைய பாஷையில் அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. கல்லைப் புரட்டி, அடிப்பக்கம் மேலே வரும்படி அவன் உள்ளங்கையில் வைத்தாள். பாரம் பட்டதும் விரல்கள் மடிந்தன. பெருவிரல் விளிம்பைத் தேடித் தடவி, பள்ளத்துக்குள் இறங்கி, அங்கேயே இருந்தது.