பச்சை கிட்டாரில் ஒரு துளை

டீச்சருக்குத் தன் தங்கை மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பிரயோசனமில்லை. டீச்சரின் கணவருக்கு இது தெரியும். கீழே டயர்க்கடையில் காற்றடிக்கிறவருக்குக்கூடத் தெரியும். தெரியாதது தங்கைக்கு மட்டும்தான். அவளுக்குத் தெரியாமல் போனதே டீச்சரின் வயிற்றெரிச்சலை இன்னும் கிளறிவிட்டது. இத்தனை வருஷமாக ஒருத்தி உட்கார்ந்து பொறாமைப்படுகிறாள், அவளை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால்தான் என்ன?

டயர்க்கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. சுவரெல்லாம் டீச்சர் முட்டை அட்டை ஒட்டி வைத்திருந்தார், சத்தம் வெளியே போகாமல் இருக்க. ஆனாலும் தரை வழியாகக் கீழே கேட்கும். அங்கேதான் டீச்சர் கிட்டார் சொல்லிக்கொடுத்தார். கட்டை விரல் கழுத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும், மணிக்கட்டு மடங்கக் கூடாது, நகம் வளரக் கூடாது. கூன் போட்டு உட்கார்ந்தால் முதுகில் ஒரு தட்டு விழும். அவரிடம் படித்த பிள்ளைகள் பரீட்சையில் கோட்டை விட்டதில்லை. ஊரில் எந்தக் கடையில் போய் "டீச்சர்" என்று சொன்னாலும் மாடிப்படியைத்தான் காட்டுவார்கள்.

எல்லாம் சரி. ஆனால் டீச்சர் வாசிக்கும்போது கீழே காற்றடிக்கிற மெஷின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். தங்கை வாசிக்கும்போது மட்டும் அது நின்றுவிடும். காற்றடிக்கிறவர் வேண்டுமென்றே செய்தாரா, தன்னை அறியாமல் சுவிட்சில் கை போனதா, தெரியாது. டீச்சர் இதை முதலில் தற்செயல் என்று நினைத்தார். பிறகு கவனிக்க ஆரம்பித்தார். கவனித்திருக்கவே வேண்டாம்.

தங்கை கண்ணாடிக்கடையில் வேலை பார்த்தாள். லென்ஸைத் தேய்த்து, ஃப்ரேமுக்குள் உட்காரவைக்கிற வேலை. சாயங்காலம் கை கழுவிக்கொண்டு அக்காவின் அறைக்கு வருவாள். பிள்ளைகள் போன பிறகு சுவரில் மாட்டியிருக்கும் பச்சை கிட்டாரை இறக்கி மடியில் போட்டுக்கொள்வாள். அதுவும் தலைகீழாக.

அந்தக் கிட்டாரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய அப்பா ஒரு பெரிய ஹோட்டலில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஹோட்டலில் நடன மண்டபத்தை மூடியபோது, ஸ்டோர் ரூமில் கிடந்த எலக்ட்ரிக் கிட்டாரை மேனேஜர் அவருக்கே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அது அப்போதே பழசு. இளம்பச்சை பெயிண்ட் பழுத்து மஞ்சளாகியிருந்தது, தலைப்பகுதியில் யாரோ சிகரெட்டை வைத்துச் சுட்ட வடு. அப்பா அதைப் போர்வையில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். மூத்தவள் கிளாஸுக்குப் போகிறாள், அதனால் மூத்தவளுக்கு என்றார். சின்னவள் தொடக் கூடாது.

சின்னவள் தொட்டாள். அக்கா குளிக்கப் போகிற நேரமெல்லாம் தொட்டாள். அவளுக்கு இடதுகைப் பழக்கம். கிட்டாரை மறுபக்கம் திருப்பிப் பிடித்தாள், கம்பிகள் எல்லாம் மேல் கீழாகப் போயின. தடிமனான கம்பி அடியில், மெலிந்த கம்பி மேலே. அவளுக்கு அது தப்பு என்றே தெரியாது. ஒருநாள் வந்து சொல்லிக்கொடு என்று கேட்டாள். எல்லாரையும் போல ஒழுங்காகப் பிடி, அப்புறம் சொல்லித் தருகிறேன் என்றாள் அக்கா. பாவம், பிடித்துப் பார்த்தாள். முடியவில்லை, அழுதாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை, தானாகவே வாசித்துக்கொண்டாள்.

தானாக வாசித்தவளுக்கு ஒரு வாசிப்பு வந்தது பாருங்கள், அதுதான் டீச்சரின் தலைவலி. மற்றவர்கள் மெல்லிய கம்பியை மேலே தள்ளி வளைப்பார்கள். அவளுக்கு அது மேலே இருப்பதால் கை முழுக்கப் போட்டுக் கீழே இழுத்தாள். அந்த இழுப்பில் கம்பி விம்மும். டீச்சர் கதவைச் சாத்திக்கொண்டு அந்த விம்மலை எத்தனையோ தடவை முயன்று பார்த்திருக்கிறார். வரவில்லை. ஒழுங்காகப் பிடித்த கைக்கு அது வராது.

இப்படி இருக்கையில்தான் கீபோர்டுக்காரர் படியேறி வந்தார். அவர் ஒரு பேண்டு வைத்திருந்தார், பெரிய மேடைகளில் வாசிக்கிற பேண்டு. அவர்களுடைய கிட்டார்க்காரர் விலகிவிட்டார். டீச்சர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், டீ வரவழைத்தார், புடவையைச் சரிசெய்துகொண்டார். தன்னைத்தான் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்ததில் என்ன தப்பு? அந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

அவர் கேட்க வந்தது தங்கையை. டயருக்குக் காற்றடிக்க வண்டியை நிறுத்தியபோது கேட்டாராம். அவளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் இந்தச் சவுண்டு அப்படியே வேண்டும், இந்தக் கிட்டாரே வேண்டும் என்றார். டீச்சர் டீயை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிடித்து வைக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. தங்கை இதுவரை உட்கார்ந்தே வாசித்தவள். மேடையில் நின்று வாசிக்க வேண்டும். கிட்டாரைத் திருப்பிப் பிடித்தால் ஸ்ட்ராப்பை மாட்டுகிற பட்டன் கீழ்ப்பக்கத்துக் கொம்பில் போய்விடுகிறது, தோளில் மாட்டினால் கிட்டார் குப்புறக் கவிழ்கிறது. போதாததற்கு வால்யூம் குமிழ் முழங்கைக்கு நேராக வந்து நின்றது. கை பட்டால் சத்தம் அமுங்கிப்போகிறது. என்ன செய்யலாம் என்று இரண்டு பேரும் டீச்சரைப் பார்த்தார்கள்.

அந்த நொடியே டீச்சருக்கு விடை தெரிந்துவிட்டது. எதிர்ப்பக்கத்துக் கொம்பில் ஒரு சின்ன துளை, ஒரு திருகாணி, ஒரு பட்டன். வால்யூம் குமிழின் மூடியைக் கழற்றிவிட்டு ஒரு துண்டு டேப். அவ்வளவுதான், அரை மணி வேலை.

வாயில் வந்தது வேறு. அரைகுறை வேலை எதற்கு, முழுசாகவே இடதுகை கிட்டாராக மாற்றிவிடலாம் என்றார். கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காருகிற எலும்புத் துண்டைப் புதிதாகச் செய்து கம்பிகளை மாற்றிக் கட்டலாம். மறுபக்கம் மரத்தைக் குடைந்து குமிழ்களை அங்கே கொண்டுபோகலாம். பழைய ஓட்டைகளை அடைத்து பெயிண்ட் அடித்துவிட்டால் புதுசு போல ஆகிவிடும். சொல்லச் சொல்லத் தன் குரலே தனக்கு இனிமையாகக் கேட்டது டீச்சருக்கு. கம்பிகளை மாற்றிக் கட்டினால் தங்கையின் விரல்கள் திக்குத் தெரியாமல் நிற்கும் என்பதும் அவருக்குத் தெரியும். கிட்டார் ஆசிரியைக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

கீபோர்டுக்காரர் நெகிழ்ந்துவிட்டார். இந்தப் பழைய கிட்டாரை, அதுவும் சொந்தக் கிட்டாரை, தங்கைக்காக வெட்டிக் கொடுக்கிற மனசு யாருக்கு வரும் என்றார். தங்கையின் கண் கலங்கிவிட்டது. டீச்சர் வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்தார். பாராட்டு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் தான் தியாகம்தான் செய்கிறோம் என்று பாதி நம்பியும்விட்டார்.

கணவர் நம்பவில்லை. அவர் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கிறவர், முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுகிற தொழில். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சாவகாசமாகச் செருப்பைக் கழற்றினார்.

"ஆபரேஷன் கிட்டாருக்கா, உன் தங்கச்சிக்கா?"

"உங்க வேலையப் பாருங்க."

அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். டீச்சருக்கு அன்று சோறு இறங்கவில்லை. அதற்காக மனசு மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

ரிப்பேர்க்கடைக்காரர் கிட்டாரை மேஜையில் படுக்கவைத்து, நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுப் பார்த்தார். திருகாணியில்கூட யாரும் கை வைக்காத கிட்டார், அதுதான் இதற்கு விலை என்றார். உள்ளே வயரும் செப்புச் சுருளும் அன்று போட்டபடியே இருக்கின்றன. உளி இறங்கினால் இறங்கியதுதான், பிறகு எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் இது வெறும் மரம். டீச்சர், கிட்டார் என்னுடையது, நான்தான் சொல்கிறேன், வெட்டுங்கள் என்றார். கடைக்காரர் லேசில் மசிகிற ஆள் இல்லை. முதலில் எலும்புத் துண்டையும் கம்பியையும் மட்டும் மாற்றித் தருகிறேன், அது வேண்டாமென்றால் கழற்றிவிடலாம், உங்கள் தங்கை வந்து வாசித்துப் பார்க்கட்டும், அதற்குப் பிறகு உளியை எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம் இரண்டு பேரும் போனார்கள். கம்பிகள் மாறி, புது எலும்புத் துண்டு பளிச்சென்று இருந்தது. தங்கை ஸ்டூலில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் வாங்கினாள். கடைக்காரர் ஆம்ப்ளிஃபையரைப் போட்டார்.

முதல் சுரமே தப்பு. அவள் சிரித்துக்கொண்டே மறுபடி வாசித்தாள், மறுபடியும் தப்பு. விரல் போகிற இடத்தில் கம்பி இல்லை, கம்பி இருக்கிற இடம் விரலுக்குத் தெரியவில்லை. இழுத்து வளைக்கப் பார்த்தாள், மெல்லிய கம்பி விரலுக்குள் அகப்படாமல் நழுவியது. விம்மல் எங்கே வரப்போகிறது? நேற்று சேர்ந்த பிள்ளை வாசித்தால்கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும். கடைக்காரர் பார்க்கச் சங்கடப்பட்டுத் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த, வயர் பற்றவைக்கிற சால்டரிங் முனையைத் துடைத்தார்.

டீச்சருக்கு உச்சி குளிர்ந்தது. மறைப்பானேன், குளிர்ந்தது. எத்தனை வருஷக் காத்திருப்பு. இதோ உட்கார்ந்திருக்கிறாள் ஒன்றும் தெரியாதவளாக, காற்றடிக்கிற மெஷின் இனி யாருக்காகவும் நிற்காது. இந்தச் சந்தோஷத்தை முழுசாக ஒரு வாய் விழுங்குவதற்குள் தங்கை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ அப்பவே சொன்னே அக்கா, ஒழுங்கா பிடின்னு. நான்தான் கேக்கல. இவ்வளவு நாளும் தப்பாவே வாசிச்சிருக்கேன்." மூக்கை உறிஞ்சினாள். "கீபோர்டுக்காரர்கிட்ட வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிடறேன். நீ எனக்கு முதல்லேருந்து சொல்லிக்குடு."

சொல்லிவிட்டு, கிளாஸுக்கு வந்த பிள்ளை மாதிரி கையை நீட்டினாள்.

டீச்சர் குனிந்து அந்த விரல்களைப் பிடித்தார். வருகிற பிள்ளைகளின் விரல்களையெல்லாம் இப்படித்தான் பிடித்துக் கம்பியில் வைப்பார். எல்லாம் பஞ்சு விரல்கள், முதல் வாரமே வலிக்கிறது என்று அழும். தங்கையின் விரலை மட்டும் அவர் பிடித்ததே இல்லை. நுனி நான்கும் காய்த்துக் கல்லாகிக் கிடந்தன. டீச்சர் தன் கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு தன் விரல் நுனியைத் தானே தொட்டுப் பார்த்தார். அது இவ்வளவு காய்த்திருக்கவில்லை. ஊருக்கே சொல்லிக்கொடுக்கிற கை இது. அக்கா குளிக்கிற நேரத்தில் திருடி வாசித்த கை அது.

அவர் கையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"கம்பியப் பழையபடி கட்டிடுங்க" என்றார் கடைக்காரரிடம். "அந்தக் கொம்புல ஒரு ஓட்டை போட்டு ஸ்ட்ராப் பட்டன் வைங்க. குமிழுக்கு டேப் நான் ஒட்டிக்கறேன். வேற எதையும் தொட வேண்டாம்."

கடைக்காரர் டிரில்லைத் தேடப் போனார். தங்கைக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இந்த ஒரு பட்டன் போதுமென்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்றாள். தெரியும் என்றார் டீச்சர். கீபோர்டுக்காரர் வந்த அன்றைக்கே தெரியும்.

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

டீச்சர் ஆயிரம் காரணம் சொல்லியிருக்கலாம். டீச்சர்தானே, வாயில் வராத காரணமா? அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

"பொறாமை. நீ வாசிக்கறது எனக்கு வராது. எத்தனையோ தடவ கதவச் சாத்திக்கிட்டு வாசிச்சுப் பாத்துட்டேன், வரல. வயிறு எரியுது. இப்பவும் எரியுது."

தங்கை கோபப்படுவாள், எழுந்து போய்விடுவாள், போனால் போகட்டும் என்றுதான் டீச்சர் நினைத்தார். அவள் போகவில்லை. வாயைத் திறந்துகொண்டு அக்காவையே பார்த்தாள்.

"அப்போ நீ கேட்டுக்கிட்டுதான் இருந்தியா?" என்றாள். "நான் வாசிக்கும்போதெல்லாம் நீ ஃபீஸ் நோட்டத் திருப்பிக்கிட்டு இருப்பே. ஒரு தடவகூட நல்லாருக்குன்னு சொன்னதில்ல, நல்லால்லன்னும் சொன்னதில்ல. உன் காதுலயே விழலன்னு நெனச்சேன்."

டிரில் ஓடியது. பழுத்த பச்சைப் பெயிண்ட் கொஞ்சம் உதிர்ந்து, உள்ளே இருந்து வெள்ளை மரத்தூள் மேஜையில் விழுந்தது. விலை பாதியாகிவிட்டது என்று கடைக்காரர் முணுமுணுத்தார். டீச்சர் அந்தத் தூளைப் புறங்கையால் தட்டிவிட்டு, ஸ்ட்ராப்பை எடுத்து மாட்டினார். தங்கையின் தோளில் போட்டு, முதுகுப்பக்கம் போய் நின்று நீளத்தைச் சரிசெய்தார். அவருடைய கண்ணை யாரும் பார்க்காமல் இருக்க அந்த இடம் வசதியாக இருந்தது.

அன்று சாயங்காலம் அறையில் தங்கை நின்றுகொண்டு வாசித்தாள். டீச்சர் ஃபீஸ் நோட்டை எடுக்கவில்லை. நாற்காலியை அவளுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் அந்த மெல்லிய கம்பியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். கீழே காற்றடிக்கிற மெஷின் நின்றது. டீச்சருக்கு வயிறு எரிந்தது. எரிந்தால் எரியட்டும் என்று உட்கார்ந்து, முடிகிறவரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், நல்லா இருக்கு என்றார்.