ஜீப்பைத் தூக்கிய தோள்கள்

ராணுவம் கழித்துவிட்ட பழைய ஜீப் ஒன்றை ஏலத்தில் எடுத்து, ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் எங்கள் வீட்டு வாசலிலேயே பழுது பார்த்தேன். விஷக் காய்ச்சலில் என் மனைவிக்குக் கால்கள் விளங்காமல் போய்விட்டன. அவளைக் காட்டூரில் அவள் அம்மா வீட்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு வெறி. வேலை செய்யும்போது அவளைத் தூக்கி வந்து முன் சீட்டில் உட்கார வைப்பேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள். சிரிப்பதை மட்டும் அடியோடு விட்டுவிட்டாள்.

இஞ்சினையும் சக்கரங்களையும் கழற்றியிருந்த நேரத்தில் பெருமாள் புறப்பாடு வந்தது. வண்டி நின்றால் பல்லக்குப் போக வழியில்லை. அன்று காலையில் அவள் முன் சீட்டில் இருந்தபோது, பல்லக்குத் தூக்குகிறவர்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். சாக்கடையில் தள்ளத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"எவனாவது கைய வச்சீங்க, மண்டையப் பொளந்துடுவேன்!"

"கத்தாதேயும் ஓய்," என்றார் மூத்தவர். "அந்தச் சந்துல வச்சுத் தரோம். பசங்களா, மூங்கிலை வண்டிக்கு அடியில குடுங்கோ."

"இருங்க, இவள இறக்கிடறேன்."

"அம்மா எதுக்கு இறங்கணும்? ஆடாம தூக்க எங்களுக்குத் தெரியாதா?"

அவளோடு ஜீப் எழுந்தது. பல்லக்குக்கு வைக்கிற அதே நடையில் மெதுவாக நகர்ந்தது.

"அம்மா, ஹாரன் அடிங்கோ! மாடு வழி விடமாட்டேங்கறது," என்றார் ஒருவர்.

அவள் வாயாலேயே "பாம், பாம்" என்றாள். உடனே வெடித்துச் சிரித்தாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன்.

பிறகு இஞ்சின் ஓடியது, காட்டூருக்கும் போனோம். என் கோபம் என்னவோ போகவில்லை. ஆனால் வாசலில் யார் வந்து நின்றாலும், முதலில் என்ன விஷயம் என்று கேட்கிறேன்.