‘வெடி’ என்ற சொல்லுக்காக வாதாடியவர்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். ஒரு சொல்லை மாற்றினால் ஒரு மனிதருக்கு என்ன ஆகும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கடந்த செவ்வாய்க்கிழமை, மூன்றாம் பாடத்தின் நடுவில் அப்பா பாடசாலைக்கு வந்தார். "பெரியம்மா மோசம் போயிட்டாங்க மகள்" என்றார். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், கல்லடிப் பாலத்தைத் தாண்டுமுன்பே உயிர் பிரிந்துவிட்டதாம்.

என் பெரியம்மா நாகேஸ்வரி நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். வெளிமாவட்டத்தில் சிங்களத்தில் நடக்கும் வழக்குகளை, தமிழ் மட்டுமே தெரிந்தவர்களுக்கு எடுத்துச் சொல்வது அவருடைய வேலை.

கணேசன் என்பவரின் வழக்கு வந்தபோது நான் சிறு பிள்ளை. அவர் கிரானில் நெல் விதைப்பவர். மேய்ச்சல் தரை பறிபோவதை எதிர்த்து ஊர்வலம் நடத்தியவர். அதற்காகவே பொலிஸார் ஒரு குண்டுவெடிப்பை அவர் தலையில் கட்டினார்கள். விசாரணையில் அவர் சொன்னது ஒரே வசனம்: "ஓம் ஐயா, வட்டைக்க வெடி போட்டன்."

வட்டை என்றால் வயல்; விளைந்த வயலுக்குள் இறங்கிய யானையை விரட்ட யானை வெடி கொளுத்தியதைத்தான் சொன்னார். கிரானில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கும். அவர்களோ "குண்டு வைத்தேன்" என்று சிங்களத்தில் எழுதி, அதை வாசிக்கத் தெரியாதவரிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

பெரியம்மா மன்றில் எழுந்து நின்று பிழையைச் சொன்னார். "எழுதியிருப்பதை மட்டும் மொழிபெயருங்கள்" என்று பதில் வந்தது.

தீர்ப்பு நாளில் மின்விளக்குகளையும் மின்விசிறிகளையும் நிறுத்தினார்கள். மரண தண்டனை வாசிக்கும்போது அதுதான் வழக்கம். கணேசனுக்கு அது தெரியாது. கூண்டுக்குள் நின்று, "அக்கா, கரண்ட் போயிட்டா?" என்று கேட்டாராம். அந்த இருட்டில் பெரியம்மாதான் அவருக்கு விடயத்தைத் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. மறுநாளே வேலையை விட்டார்.

"முகத்தப் பாத்துச் சொல்ல ஏலாத தீர்ப்பு எண்டபடியாத்தானே லைட்ட நூக்கிறாங்க" என்பார்.

அதன்பின் மனுவுக்கு மேல் மனு எழுதினார். சித்தப்பா ஒருநாள் கேலி செய்தார்: "என்னக்கா, இன்னும் மனுவா? இந்த நாட்டில இப்ப ஆரத் தூக்கில போடுறாங்க? ஆள் சும்மா உள்ளுக்க இருக்கார்."

"அப்ப உன்ட கழுத்திலயும் சுருக்கப் போட்டு இழுக்காம வைக்கட்டா? சும்மா இருந்து பாரன்."

சித்தப்பா தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

உரிமை கேட்டவரைக் கொல்ல ஒரு சட்டம்; அதை வாசிக்க ஓர் இருட்டு. இதற்குத்தான் நீதி என்று பெயர். குடியியற் கல்விப் பாடத்தில் வாழும் உரிமையைப் பற்றி எழுதி நான் நல்ல புள்ளி வாங்கியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கோபமாக வருகிறது.

பெரியம்மாவின் மேசையில் கடைசி மனு பாதியில் நின்றது. ‘யானை வெடி’ என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடுகள் போட்டிருந்தார். மீதியை நான் எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன்.

இறுதிச் சடங்குக்குக் கணேசனின் மனைவி வந்திருந்தார். பெட்டியைத் தூக்கியதும் யாரோ வீட்டுக்குள் மின் ஆளியை அழுத்தினார்கள். விளக்குகள் அணைந்தன; மின்விசிறி மெல்ல நின்றது. "ஆரு லைட்ட நூத்த?" என்று அவர் அலறினார்.

போய் வாருங்கள், பெரியம்மா. கணேசன் இன்னும் சிறையில்தான் இருக்கிறார். கயிறும் சட்டத்தில் இருக்கிறது. நீங்கள் படியிறங்கிய நேரத்தில் நடந்ததையும் மாற்றாமல் எழுதி வைக்கிறேன்: விளக்குகள் அணைக்கப்பட்டன.