கூட இரும்

இன்று காலை சமையலறையில் எவர்சில்வர் தட்டு ஒன்று கைதவறி விழுந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டதில் கையிலிருந்த காப்பி மொத்தமும் வேட்டியில். மனைவி எட்டிப் பார்த்து, "இன்னுமா உங்களுக்கு அது போவல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். தட்டைப் போட்டவள் அவள், குற்றவாளி நான். 'அது' என்னவென்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் சொன்னதில்லை.

வேட்டியில் காப்பிக் கறையைப் பார்த்தால் எனக்கு ஆவாரம்பட்டைத் தண்ணீர் ஞாபகம் வரும். எழுபதுகளில் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி என்றால் வரிசையாகத் தொட்டிகள் இருக்கும். அவற்றில் இதே நிறத்தில் பட்டைத் தண்ணீர், அதில் ஊறும் மாட்டுத் தோல்கள். வெளியூர்க்காரர்கள் ரயில் எங்கள் ஊரைத் தாண்டும்வரை மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அதுதான் சோறு போட்ட வாடை. சொன்னால் நம்பமாட்டீர்கள், வெளியூர் போய் அந்த வாடை இல்லாமல் எனக்குத் தூக்கம் வராமல் இருந்திருக்கிறது.

அப்பா அங்கே சவ்வு வழிப்பவர். இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் தோலின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் சதையை இழுத்து வழிக்கிற வேலை. அந்த வேலை பார்க்கிறவர் கை எவ்வளவு கனம் என்று என் முதுகுக்கும் தம்பி முதுகுக்கும் நன்றாகத் தெரியும். கோபம் வந்தால் முதலில் கை வரும், பேச்சு பின்னால் வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அதே மனிதர் ஒரு கீர்த்தனையை எடுத்தால், ரயில்வே கேட்டில் நிற்கிற வண்டிக்காரனுக்குக் கேட்கும். பக்கத்தில் அவருடைய தோஸ்த் ஞானமுத்து மாமா கஞ்சிரா வாசிப்பார். அப்பாவுக்கு ஜெபமும் சத்தமாகத்தான் வரும். விடிந்ததும் வேலைக்குக் கிளம்புமுன் வாசலில் நின்று, "ஆண்டவரே, கூட இரும்" என்று ஒரு குரல் கொடுப்பார். தெருவே அதைக் கேட்டுத்தான் எழுந்திருக்கும். ஆண்டவருக்குக் காது நல்லாத்தானே கேட்கும் என்று தம்பி ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் நான் கோட்டை விட்டதும் அப்பா என்னையும் அதே டேனரியில் சேர்த்துவிட்டார். தோலைப் பலகையில் இழுத்து ஆணி அடித்துக் காயவைக்கும் பகுதியில் வேலை. ஒருநாள் துருப்பிடித்த ஆணி உள்ளங்காலில் ஆழமாக ஏறிவிட்டது. மேஸ்திரி பாய் நல்லவர், ஊசி போட்டுக்கொண்டு வா என்றார். அப்பா விடவில்லை. என் கணுக்காலைப் பிடித்துப் பட்டைத் தொட்டிக்குள் அமுக்கினார்.

"செத்த மாட்டுத் தோலயே கெட்டுப்போவாம காக்குது. உன் காலக் காக்காதா?"

அந்த நியாயத்துக்கு அங்கே மறுபேச்சு இல்லை. நாங்கள் எல்லோரும் காயம் பட்டால் அப்படித்தான் செய்வோம். காயமும் மேலுக்கு ஆறிவிட்டது.

சில நாள் கழித்துத் தாடை இறுகிப்போனது. இட்லியைப் பிட்டு உள்ளே தள்ளக்கூட வாய் திறக்கவில்லை. வேலைக்குப் போகாமல் படுத்திருந்தேன். அப்பா வந்து ஏன் படுத்திருக்கிறாய் என்று கேட்டார். பதில் சொல்லப் பார்த்தேன். முகம் தானாக இழுத்துக்கொண்டு பல்லெல்லாம் வெளியே தெரிந்தது. அந்த நோய்க்கு அப்படி ஒரு குணம். சாகப் போகிறவனைச் சிரிக்கிற மாதிரி காட்டும். அப்பா அதைப் பார்த்தார்.

"நான் கேக்கறேன், நீ இளிக்கிறியா?" என்று விட்டார் ஓர் அறை.

அந்த அறையில்தான் முதல் இழுப்பு வந்தது. முதுகு வில்லாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் பாயில் பட, நடுவே நான் அந்தரத்தில் நின்றேன். பல்லுக்கிடையில் நாக்கு மாட்டி வாயெல்லாம் ரத்தம். அம்மா அலறியதில் இரண்டாவது இழுப்பு வந்தது.

ஆம்பூர் டாக்டர் பார்த்ததும் ரணஜன்னி, அதாவது டெட்டனஸ் என்றார். சத்தம் ஆகாது, வெளிச்சம் ஆகாது, வேலூருக்குக் கொண்டுபோங்கள், பிழைப்பது கஷ்டம் என்று சொல்லிவிட்டார். டேனரி லாரியில் உப்புத் தோல் மூட்டைகளுக்கு நடுவே என்னைப் படுக்கவைத்தார்கள். டிரைவர் வேலூர் வரைக்கும் ஹாரனைத் தொடவே இல்லை. அப்பா புட்போர்டில் தொங்கிக்கொண்டு, எதிரே வந்த மாட்டு வண்டிகளைத் துண்டை வீசி வீசி ஒதுக்கினாராம். ஒரு சத்தம் போட்டால் ஒதுங்கியிருப்பார்கள். அவர் போடவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்குத் தனி அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, மூக்கில் குழாய், காதில் பஞ்சு. நர்சுகள் செருப்பைக் கழற்றிவிட்டு வருவார்கள். அப்படியும் எங்கோ ஒரு கதவு சாத்தினால் போதும், உடம்பு என்னை எடுத்து முறிக்கும். எலும்பு நொறுங்குவது போல இருக்கும். மயக்கம் வந்தால் தேவலை என்று ஏங்குவேன், வராது. இந்த நோயில் புத்தி மட்டும் தெளிவாக இருந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்க்கும். உங்களிடம் சொல்வதற்கென்ன, ஆண்டவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். வாய் பூட்டியிருந்ததால் யாருக்கும் தெரியாமல் போனது. அப்பாவையும் திட்டினேன். ஆணி, தொட்டி, அறை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு திட்டினேன்.

அவர் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கதவு இடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சம் வந்து அவர் வாய் மேல் மட்டும் விழும். அந்த வாய் அசைந்துகொண்டே இருந்தது. சத்தம் இல்லை. என்ன சொல்கிறார் என்பது முதலில் பிடிபடவில்லை. உதடு குவிந்தது, விரிந்தது, மூடியது. மறுபடியும் அதே. கூட இரும், கூட இரும், கூட இரும்.

வலி குறைந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஒரு துளி குறையவில்லை. ஆனால் அடுத்த இழுப்பு வரும்போது நான் அந்த உதட்டைப் பிடித்துக்கொண்டேன். முறிந்து விழுந்து கண்ணைத் திறந்தால் அது அங்கேயே அசைந்துகொண்டிருக்கும். செத்தாலும் தனியாகச் சாகப்போவதில்லை என்று தோன்றியது. பயம் போய்விட்டது. என் இத்தனை வயதில் ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறார் என்று சந்தேகமே இல்லாமல் நான் அறிந்தது அந்த இருட்டறையில்தான்; அதுவும் என்னை அடித்த மனிதரின் வாய் வழியாக.

இந்த நிலைமையில் ஊரிலிருந்து ஜெபக் கூட்டத்தார் ரயிலேறி வந்தார்கள். பாடி ஜெபித்தால் பேய் நோயும் ஓடும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. விஷயம் தெரியாத ஞானமுத்து மாமா வராண்டாவில் நின்று கஞ்சிராவை ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே நான் வளைந்தேன், மூச்சே நின்றுவிட்டது. நர்சுகள் என் மேல் விழுந்து பிடித்தார்கள். அப்பா வெளியே பாய்ந்தார்.

பிறகு நடந்தது அம்மா சொல்லித் தெரியும். அப்பா கஞ்சிராவைப் பிடுங்கி முட்டியால் குத்திக் கிழித்தார். மாமாவின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து முகத்தில் மாறி மாறிக் குத்தினார். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். இவ்வளவும் துளி சத்தம் இல்லாமல் நடந்தது. சத்தம்தான் என்னைக் கொல்லும் என்பது மாமாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. குத்து வாங்க வாங்க, கத்திவிடக் கூடாதென்று தன் வாயை இரண்டு கையாலும் தானே பொத்திக்கொண்டாராம்.

நான் பிழைத்தேன். கோலூன்றி நடக்கத் தொடங்கிய சமயம் கிறிஸ்மஸ் வந்தது. வீடு வீடாகப் பாடிக்கொண்டு வந்தவர்கள் எங்கள் வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிட்டார்கள். அவர் வரமாட்டேன் என்று தலையாட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்தே அவர் பாடவில்லை, விடியற்காலைக் குரலும் இல்லை, பேசினாலும் கிசுகிசுப்புதான். தெருவில் பலர் வேலைக்கு லேட்டாகப் போய்ப் பேச்சு வாங்கினார்கள். கை மட்டும் நிற்கவில்லை. தம்பிக்கு அந்த வாரம்கூடக் கிடைத்தது.

ஞானமுத்து மாமாவுக்குப் பொறுக்கவில்லை. உடைந்த மூக்கை அவர் என்றோ மன்னித்துவிட்டார். பாடாததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

"புள்ள பொழச்சிட்டான், இனி ஆண்டவரு எதுக்குன்னு உட்டுட்ட, இல்ல?"

அப்பா ஒரே தள்ளு. மாமா புதுச் சட்டையோடு சாக்கடையில் விழுந்தார். இரண்டு பக்கமும் ஆட்கள் கையை ஓங்கிக்கொண்டு வர, அம்மா நடுவில் வந்து நின்றாள்.

"பையன உட்டுடு, என் தொண்டய எடுத்துக்கோன்னு பொருத்தன பண்ணிட்டாருண்ணா."

எங்கள் ஊரில் ஆண்டவருக்கு நேர்ந்துகொள்ளும் பொருத்தனை என்றால் ஒரு சேவல், ஒரு வாழைத்தார், மிஞ்சிப்போனால் முதல் மாதச் சம்பளம். தொண்டையை யாரும் கொடுத்ததில்லை. ஓங்கிய கைகள் இறங்கின. மாமா சாக்கடையில் உட்கார்ந்தபடியே, "இத முன்னயே சொல்றதுக்கு இன்னாடா உனக்கு?" என்று அழுதார். அப்பா கையை நீட்டி அவரைத் தூக்கிவிட்டார். எனக்கு நன்றியெல்லாம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆண்டவர் கேட்டாரா இதை?

எண்பதுகளில் மாமாவின் மகன் துபாயிலிருந்து டேப்ரிக்கார்டர் கொண்டுவந்தான். மாமா அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஒரே ஒரு பாட்டு, சர்ச்சில்கூட வேண்டாம், இந்தப் பெட்டிக்குள் பாடு என்று கெஞ்சினார். அப்பா அடிப்பார் என்று நான் எழுந்தேவிட்டேன். அவர் மாமாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் மனிதர்களைக் கும்பிட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

பட்டைத் தொட்டிகள் போய்விட்டன. ரணஜன்னியைப் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்கிறார் எங்கள் தெரு இளம் டாக்டர். போகட்டும், இரண்டுக்கும் நான் அழப்போவதில்லை. மாமாவும் போய்விட்டார், அப்பா அவருக்கு முன்னாலேயே.

போன மாதம் பேத்தி தன் போனில் யார் யார் குரலையோ எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கொள்ளுத் தாத்தா குரல் எப்படியிருக்கும் என்று கேட்டாள். கண்ணை மூடி நெடுநேரம் தேடினேன். அந்த ஒரு கோடு வெளிச்சம் வந்தது, உதடு வந்தது, குவிந்தது, மூடியது. ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும் என்று அவளிடம் சொன்னேன். அது ஞாபகம் இருக்கிறது. குரல் ஞாபகம் இல்லை.