நகம் வெளுத்துச் சிவக்கும் வரை

நகத்தை அழுத்துகிறான், விடுகிறான், குனிந்து பார்க்கிறான். என் பேத்தியின் நகத்தை மட்டுமா? லிஃப்ட்காரர் பொத்தானை அமுக்கினால் அந்தக் கையைப் பிடித்து அவர் நகத்தையும் ஓர் அமுக்கு. டீ கொண்டுவருபவர் இப்போதெல்லாம் ஒரு கையால் கிளாஸை நீட்டும்போதே மறு கையையும் நீட்டிவிடுகிறார். அந்த டீயையும் நடந்துகொண்டேதான் குடிப்பான். பாதி தரைக்கு.

அறுந்த விரல்களை ஒட்டவைக்கும் வார்டில் அவன் நர்ஸ். ரத்தம் குடிக்கும் அட்டைகளை ஃப்ரிட்ஜில் ஒரு ஜாடி நிறைய வைத்திருப்பதால் எல்லாருக்கும் அட்டை அண்ணன். பொறுமைசாலி என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பொறுமை உள்ளவனுக்கு ஒரு நிமிஷம் உட்காரத் தெரியாதா?

என் பேத்திக்குத் தச்சுப் பட்டறையில் வேலை. ரம்பம் வலது கட்டைவிரலைத் துண்டாக்கிவிட்டது. தைத்து ஒட்டினார்கள். ஆனால் விரல் கத்தரிக்காய் நிறத்தில் ஊதிக்கொண்டது. ரத்தம் சரியாக ஓடினால் அழுத்தி வெளுத்த நகம் மெல்லச் சிவக்குமாம்; இவளுக்கோ அழுத்தி எடுத்த கணமே கருநீலம் ஓடி வந்து நிறைந்தது. ஏனென்று அவனைத்தான் கேட்டேன்.

"வர்ற ரத்தம் மயிரிழை மாதிரி குழாய்க்குள்ள பூந்து, சதைக்குக் காத்தும் சத்தும் குடுக்கும் பாட்டி. அங்க இருக்கிற கழிவை வாரிக்கிட்டுத் திரும்பணும். இவளுக்கு வர்ற வழியத் தைச்சாச்சு. போற வழி தைக்கவே முடியாத அளவுக்கு நைஞ்சு கிடக்கு. பழசு உள்ளயே தேங்கி நின்னா புதுசு எப்படி நுழையும்? சதை மூச்சுமுட்டிச் செத்துரும்."

"அதுக்கு அட்டையா தம்பி?"

"புதுக் குழாய் தானா முளைக்கிற வரைக்கும் அதுதான் வடிகால்."

அட்டை குடித்து முடிக்கும்வரை காவல் நிற்பான். கண் அசந்தால் அது போர்வைக்குள் போய்விடுமாம். சாப்பாட்டுப் பையோடு வந்த அவன் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "கல்யாணமான புதுசுல கையைப் புடிச்சாரு பாட்டி. ஆசையா புடிக்கிறாருன்னு பாத்தா, நகத்தை அமுக்கிட்டு, 'நல்லா ஓடுது'ன்னு விட்டுட்டாரு!"

ஒரு நாள் காலை அட்டை கடிக்க மறுத்தது. விரலைத் தொட்டுத் தொட்டுத் திரும்பிக்கொண்டது. அவன் முகம் செத்துப்போயிற்று.

"கடிக்கலைன்னா, உள்ள ரத்தமே வரலையோன்னு பயம் பாட்டி."

அப்படியானால் விரலை எடுத்துவிட வேண்டியதுதான். கட்டைவிரல் இல்லாமல் என் பேத்தி எதைக் கொண்டு உளியைப் பிடிப்பாள்? கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தான். எனக்குத் தலை சுற்றியது. சட்டென்று குனிந்து விரலை மோந்தான்.

"யாரும்மா இதுல க்ரீம் தடவினது?"

"நான்தான்ணா. அது நெளியறதப் பாத்தா குமட்டுது. வாசனையாவது இருக்கட்டும்னு…"

"உனக்கு அதைப் புடிக்கல. அதுக்கு உன் க்ரீமைப் புடிக்கல. நடுவுல நான் கிடந்து சாகறேன்."

திட்டுவான் என்று பார்த்தேன்; அவ்வளவுதான். நல்ல தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, வேறோர் அட்டையை வைத்தான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கவ்வியது.

பிறகும் பல நாள் அட்டைகள் மாறின. அவன் நடை மாறவில்லை. இன்று மதியம் அவள் நகத்தை அழுத்தினான்; பக்கத்திலேயே தன் கட்டைவிரலை வைத்து அதையும் அழுத்தினான். விட்டான். இரண்டு நகமும் வெளுத்திருந்தன. அவசரமே இல்லாமல், இரண்டும் ஒன்றாகச் சிவந்தன.

அவன் காலால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.