கழற்றி வைத்த மெட்டி

முதலில் இறுகியது மெட்டி. எட்டாம் மாதம் தொடங்கிய ஒரு காலையில் கால்விரல் சிவந்து புடைத்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக் கழற்றினேன். தலைவலியும் இருந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எட்டு வருடமாகத் தைக்கிறேன். பக்கத்து மேசையில் பசை தடவுவார்கள். அந்த சொல்யூஷன் வாசனைக்கு எங்களில் யாருக்குத்தான் தலை வலிக்காது? மாத்திரை போட்டுக்கொண்டு தைப்போம். சூப்பர்வைசரிடம் சொன்னால் லைனிலிருந்து எடுத்துவிடுவார்.

இதைப் படிக்கும் கர்ப்பிணிகளுக்காக வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மெட்டியையும் தலைவலியையும் நான் மறைத்ததற்குக் காரணம் பயமல்ல, பொறாமை.

ரேவதி என் கொழுந்தன் மனைவி. எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத்தான் தங்கியது. அவளுக்கு மூன்றாம் மாதமே. அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பிரசவத்துக்குத் துணையாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனதும் நான்தான். சிஸ்டர் என்றால் டாக்டருக்குக் கையுறை எடுத்துக் கொடுப்பவர் என்று அதுவரை நினைத்திருந்தேன். அங்கே இருந்த எஸ்தர் சிஸ்டரோ மிட்வைஃப் (சிக்கலில்லாத பிரசவத்தைத் தாமே பார்க்கத் தனிப் பயிற்சி பெற்ற செவிலியர்). ரேவதியை நடக்க விட்டார், டீ குடிக்கச் சொன்னார், இடுப்பை நீவிவிட்டார். யாரும் அதட்டவில்லை. டாக்டர் ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு சரி. பிள்ளை பிறந்ததும் ரேவதி மகாராணி மாதிரி படுத்திருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

எனக்கும் அதே அறை, அதே சிஸ்டர் வேண்டும். நானும் அவரிடம்தான் காட்டிக்கொண்டிருந்தேன். “தல வலிச்சா, காலு வீங்கினா உடனே வந்துடு. பிரஷர் ஜாஸ்தியா இருந்தா நீ டாக்டர் கேஸு” என்று சொல்லியிருந்தார். கடைசி வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது. மெட்டியைக் கழற்றிய வாரம் பரிசோதனைக்குப் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று வீட்டில் பொய் சொன்னேன்.

அடுத்த வாரம் ரேவதியின் குழந்தைக்குத் தடுப்பூசி. கூடப் போனேன். எஸ்தர் சிஸ்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

“மெட்டி எங்க கலா?”

“பாலிஷ் போடக் குடுத்துருக்கேன் சிஸ்டர்.”

குனிந்து கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினார். குழி அப்படியே நின்றது.

“தலவலி எத்தினி நாளா?”

“அது சொல்யூஷன் வாசன சிஸ்டர். எல்லாருக்கும் இருக்கிறதுதான்.”

“கண்ணுல பூச்சி பறக்குதா?”

அதற்கு என்னிடம் பொய் தயாராக இல்லை.

ப்ரீ-எக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் கலக்கும் நோய்) என்றார் டாக்டர். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் வலிப்பு வந்து இரண்டு உயிரும் போயிருக்கலாம் என்றார். வலிப்பைத் தடுக்கும் ஊசி போட்டு ஆம்புலன்ஸில் வேலூருக்கு அனுப்பினார்கள். அன்றே சிசேரியன். கூட வந்த எஸ்தர் சிஸ்டருக்கு அந்த தியேட்டரில் வேலை எதுவும் இல்லை. இருந்தும் கேட்டு அனுமதி வாங்கி, தலைமாட்டில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உங்க கையாலதான் பெத்துக்கணும்னு இருந்தேன் சிஸ்டர்.”

“கைதான் இங்க இருக்கே. பேசாம மூச்சு வுடு.”

பெண் குழந்தை. இரண்டு கிலோகூட இல்லை. பத்து நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். நான் மூன்று மாதம் பிரஷர் மாத்திரை சாப்பிட்டேன். அதன் பிறகுதான் மெட்டி எண்ணெய் இல்லாமல் ஏறியது.

ஒருநாள் ரேவதி பாத்திரம் தேய்த்தபடி கேட்டாள். “ஏங்க்கா, சிஸ்டர் உன் கைய வுடவே இல்லியாமே? எனக்குக் கடைசில, ‘உன்னால முடியும், நீயே பண்ணு’ன்னு தள்ளி நின்னுக்கினாங்க.”

அந்தக் குரல் எனக்கு நன்றாகப் பழக்கமானது. அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து முதன்முறையாக அவளை எனக்குப் பிடித்தது.

இப்போது என் மகளுக்கு ஒரு வயது. தலை வலித்தால் மெஷினை நிறுத்திவிட்டு சூப்பர்வைசரிடம் சொல்கிறேன். கால்விரலில் மெட்டி சுழல்கிறதா என்று பார்த்த பிறகுதான் எனக்குப் பொழுது விடிகிறது.

ரேவதிக்கு மறுபடி ஐந்து மாதம். வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனாலும் தினமும் காலையில் அவள் முன்னால் உட்கார்ந்து, அவளுடைய மெட்டியையும் சுழற்றிப் பார்க்கிறேன்.

“பெரியவ நீ என் கால தொடலாமாக்கா?” என்று இழுத்துக்கொள்கிறாள்.

“காட்டுடி” என்கிறேன்.