காங்கேயம் எடைமேடைக்கு அமெரிக்காவில் ஒரு சர்வர்

கம்பெனிக் கணக்கை எந்த ஊர் சர்வரில் வைக்கலாம் என்று சொல்வது என் தொழில்; இதில் கத்துகிற வாடிக்கையாளரைத் தாங்கிக்கொள்ளலாம், மரியாதையாகச் சும்மா இருப்பவரைத்தான் தாங்க முடியாது. துரைசாமி அண்ணனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது காங்கேயத்தில், அவருடைய எண்ணெய் மில் எடைமேடை அறையில். நான் போட்டுக்கொடுத்த திரையில் எடை வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார். இந்தத் தொழிலில் இருக்கும் உங்களுக்கும் இப்படி ஒருவர் இருப்பார்.

மலிவான இடம்

சூலூரில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தவன் நான். சர்வர் வேலை நானாகக் கற்றது. அண்ணன் கொப்பரை வாங்கும் கணக்கை என்னிடம் ஒப்படைத்தபோது, மும்பையில் இருக்கும் சர்வரைவிட அமெரிக்காவில் இருப்பதற்கு வாடகை குறைவு என்று பார்த்தேன். எங்கே இருந்தால் என்ன, வயரில்தானே வருகிறது என்று அதையே எடுத்தேன். சரவணம்பட்டியில் என் அறையில் சோதித்தபோது பறந்தது. சோதனை டேட்டாபேஸ் என் மேசைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்ததை யோசிக்கவில்லை.

அவ்வப்போது போன் செய்து வேகம் எப்படி என்று கேட்பேன். வருகிற பதிலை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டேன். மனைவி பக்கத்தில் இருந்து கேட்டிருந்தால் திருத்தியிருப்பாள். அவள் குழம்பைப் பற்றி நான் அண்ணனின் அதே பதிலைச் சொன்னால், அன்று முழுக்கப் பேசமாட்டாள். அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "பரவாயில்லீங்க."

டீ உபசாரம்

வேறு வேலையாகக் காங்கேயம் போனவன் மில்லுக்குள் எட்டிப் பார்த்தேன். எடைமேடையில் டெம்போ ஏறி நின்றதும், ஓட்டி வந்தவருக்கு டீ வந்தது. அவர் குடித்து முடிக்கும்போதுதான் திரையில் எடை பதிவானது. அடுத்த வண்டிக்கும் அதே. நல்ல வழக்கம் என்று ஓட்டுநரிடம் பாராட்டினேன். அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "வழக்கமெல்லாம் இல்லீங்க. அந்தப் பொட்டி முழிக்கற வரைக்கும் நாங்க தூங்கிரக் கூடாதுன்னு குடுக்கறாங்க."

பெரிய மெஷின்

எடை போடும் தேவி அப்போதுதான் சொன்னாள்: காத்திருக்கப் பொறுக்காமல் விவசாயிகள் சிலர் வேறு மில்லுக்குப் போய்விட்டார்கள். கொப்பரை வராவிட்டால் செக்கு நிற்கும். நான் பதறி, அமெரிக்காவிலேயே நான்கு மடங்கு பெரிய சர்வருக்கு மாற்றினேன். வாடகை ஏறியது. வேகம் அப்படியே இருந்தது. ஒரு லோடு எடை பதிய, மில்லில் இருக்கும் என் புரோகிராம் சர்வரிடம் நூறு கேள்வி கேட்கும். ஒவ்வொன்றும் கடல் தாண்டிப் போய்த் திரும்பியது. மெஷின் பெரிதானால் கடல் சுருங்காது.

மாற்றியதும் மில்லுக்குப் போனேன். அண்ணன் பக்கத்தில் நாற்காலி போட்டு என்னை உட்காரச் சொன்னார். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, அத்தாப்பெரிய மெஷினு அங்க என்னதானுங்க பண்ணுது? அதும் நம்மளையாட்டவே டீ குடிச்சுட்டு இருக்குதுங்களா?"

மும்பை

அடுத்த வாரம் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். காரியம் முடிந்ததும் டேட்டாபேஸை மும்பையில் ஒரு சின்ன சர்வருக்கு மாற்றினேன். பெரிய மெஷினுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. நூறு கேள்வியையும் நான்கைந்தாகச் சுருக்கினேன். டெம்போ ஏறி நிற்பதற்குள் விவசாயியின் பெயர் திரைக்கு வந்தது.

முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தேவியிடம் கேட்டேன், குற்றம் அவளுடையது போல. அவள் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "சொல்லலாமுன்னுதானுங்க இருந்தேன். 'அவரு மனசு சங்கடப்படுவாரு, நீ பேசாம இரு அம்மணி'ன்னு அண்ணன்தான் சொல்லிப்போட்டாருங்க."

வேறு மில்லுக்குப் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அவர்கள் பெயரைத் தட்டினால் இப்போது ஒரு நொடிகூட ஆவதில்லை.